மின்னும் விளக்குகளும் மங்கும் கவனமும்: ஓர் எல்லைச் சாலையை முன்வைத்து

நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளையைத் தொடும் நெடுஞ்சாலை, இரு மாநிலங்களையும் இரு மொழிகளையும் இணைக்கும் சாலை. கேஎல் 19, கேஎல் 20 எண்களுக்கு இணையாக டிஎன் 74, டிஎன் 75 எண்களும் இங்கு ஓடுகின்றன. கல்லும் ஜல்லியும் ஏற்றிய டிப்பர் லாரிகள், சுற்றுலாப் பேருந்துகள், பள்ளி வேன்கள், இருசக்கர வாகனங்கள், விளிம்பில் நடந்து செல்வோர் என அனைவருக்கும் உரிய சாலை இது. அண்மைக் காலமாக இதன் இரவுகளை நிறைப்பவை முகப்பில் சிவப்பும் நீலமுமாக மாறிமாறி மின்னும் எல்.இ.டி. பட்டைகளும், துடிதுடிக்கும் பிரேக் விளக்குகளும், இறங்காத ஹை பீமுமே. இதனை இளைஞர்களின் அலங்கார ஆர்வம் என்று கடந்துவிடும் போக்கு நம்மிடையே உள்ளது. இது, சாலையில் அனைவரும் பகிர்ந்துகொள்ளும் ஒரு பொதுமொழியைச் சிதைக்கும் செயல் என்பதே என் கருத்து.

முதலில் கண்ணிலிருந்து தொடங்குவோம். இருளில் பார்க்க உதவும் கோல் செல்கள் முழுத்திறன் பெற ஏறத்தாழ 30 நிமிடங்கள் ஆகும். அதனைக் குலைக்க ஒரு கணத்தின் வலிய ஒளி போதும். எதிர்வரும் ஒளி, கருவிழியிலும் விழிலென்சிலும் சிதறி, விழித்திரைமீது ஒரு மெல்லிய திரைபோலப் படிகிறது. அந்நேரத்தில் ஓட்டுநருக்குச் சாலை வெளிச்சமாகத் தோன்றலாம். ஆனால் கறுப்பு உடையணிந்து ஓரத்தில் நடப்பவர் அத்திரைக்குள் மறைந்துவிடுகிறார். வயது ஏற ஏற, குறிப்பாகக் கண்புரை தொடங்கியவர்களுக்கு, இச்சிதறல் மிகுகிறது.

மின்னும் ஒளி இதனினும் ஒருபடி கடுமையானது. ஒரே செறிவுடைய நிலையொளியைவிடக் குறுகிய மின்னல் கூடுதல் பிரகாசமாக உணரப்படலாம் என்பதைப் பிரோக்காவும் சுல்சரும் 1902-இலேயே காட்டினர். பார்வையின் ஓரப்பகுதி அசைவுக்கும் துடிப்புக்கும் கூர்மையாக எதிர்வினை புரியும். எனவே நாம் விரும்பாமலேயே கண் அங்குத் திரும்புகிறது. இது மனவுறுதியால் வெல்லக்கூடிய பலவீனம் அன்று, புலனமைப்பின் இயல்பு. மேலும் இரு மின்னல்களுக்கு இடையிலான இருட்டில் அவ்வாகனத்தின் தொலைவையும் வேகத்தையும் மூளை ஊகித்தே அறிய வேண்டியுள்ளது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வாகனம் இரண்டு நொடிகளில் 33 மீட்டர் கடக்கிறது. பாலராமபுரத்துக்குத் தெற்கே குறுகிச் செல்லும் இச்சாலையில், அந்த 33 மீட்டருக்குள் ஒரு கடை வாசலும் ஒரு வளைவும் ஒரு நடைபயணியும் இருக்கக்கூடும்.

மொழியியல் மாணவனாக என்னை மிகவும் உறுத்துவது இனி வருவது. ஒரு குறியின் மதிப்பு அது பிற குறிகளிலிருந்து வேறுபடுவதில் உள்ளது என்பது சசூர் நமக்குக் கற்பித்த அடிப்படைப் பாடம். சாலையின் ஒளிகளும் அத்தகைய குறியமைப்பே. வெண்மை எனில் முன்புறம். சிவப்பு எனில் பின்புறம். மஞ்சள் துடிப்பு எனில் திரும்பப் போகிறேன். சுழலும் ஒளி எனில் உயிர்காக்க வழிவிடுக. இலக்கணம் சிறியது, ஆனால் மலையாளமோ தமிழோ அறியாதவரும் நொடியில் படிக்கக்கூடியது. முன்பக்கத்தில் சிவப்பு மின்னும் ஒரு வாகனம் வருகிறதா போகிறதா என்று ஓட்டுநர் தயங்கினால், அங்கே வாக்கியம் உடைந்துவிட்டது என்று பொருள். எல்லா வாகனங்களும் மின்னினால் ஆம்புலன்சின் மின்னலுக்குப் பொருளில்லாமற் போகும். 2017 மே 1 முதல் அமைச்சர்களின் கார்களிலிருந்து சிவப்புச் சுழல்விளக்கு அகற்றப்பட்டது. அரசு துறந்த அந்த அடையாளத்தை இன்று தனியார் கடையில் விலைக்கு வாங்கி ஒட்டிக்கொள்கின்றனர் என்பது வேடிக்கையான முரண்.

2022 அக்டோபர் 5 இரவு, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் பள்ளி மாணவர்களை ஏற்றிச் சென்ற சுற்றுலாப் பேருந்து கேரள அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியதில் ஒன்பது பேர் இறந்தனர். அதற்கு மிகுவேகமே முதன்மைக் காரணம். விளக்குகள்மீது அப்பழியைச் சுமத்துவது நேர்மையாகாது. ஆயினும், தடைசெய்யப்பட்ட மின்விளக்குகளும் ஹாரன்களும் கொண்ட பேருந்துக்குத் தகுதிச் சான்று எவ்வாறு கிடைத்தது எனக் கேரள உயர் நீதிமன்றம் மறுநாளே கேட்டது. அக்கேள்வி மிகச் சரியானது. விதிமீறலை வெளிப்படையாக அணிந்துகொண்டு ஓடும் ஒரு வாகனம் தடுக்கப்படவில்லையெனில், வேறு எந்த மீறல் தடுக்கப்படும்?

சட்டத்தில் குறையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் அமைத்த நிலையிலிருந்து வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இது மத்தியச் சட்டம். களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும் ஒன்றே. எனினும் நடைமுறையில், சோதனை கடுமையாகும்போது எல்லையைத் தாண்டிவிட்டால் போதும் என்ற எண்ணம் நிலவுகிறது.

தெருவிளக்கற்ற இடங்களில் பிறர் கண்ணில் படுவதற்காகவே கூடுதல் விளக்குகள் பொருத்துகிறோம் என்பர் சிலர். அவ்வச்சத்தில் உண்மை உண்டு. ஆனால் அதற்குரிய விடை மின்னல் அன்று. பின்புறத்தில் ஒளிர்பட்டை, பழுதற்ற நிலைவிளக்கு, எதிரே வாகனம் வரும்போது டிம் செய்யும் பழக்கம் ஆகியவையே போதுமானவை. மின்னும் விளக்கு தன்னைக் காட்டும். தன் அருகில் உள்ள அனைத்தையும் மறைக்கும். அதன் விலையைச் செலுத்துபவர் அதனைப் பொருத்தியவர் அல்லர். எதிரே வரும் இருசக்கர வாகனக்காரரும் ஓரத்தில் நடப்பவருமே.

எனவே மூன்று கோரிக்கைகள். இரு மாநில வாகனத் துறைகளும் அமரவிளைக்கும் களியக்காவிளைக்கும் இடையே இரவு நேரக் கூட்டுச் சோதனை நடத்த வேண்டும். ஓட்டுநரோடு நில்லாமல், இவ்விளக்குகளை விற்றுப் பொருத்தும் கடைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். எச்சரிக்கை அறிவிப்புகள் மலையாளத்தோடு தமிழிலும் அமைய வேண்டும். 1956 மாநிலச் சீரமைப்புக்குப் பின்னும் நெய்யாற்றின்கரை வட்டத்தில் தமிழ் பேசுவோர் வாழ்கின்றனர். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ்ச் சிறுபான்மையரின் மொழியுரிமையை ஏற்றுள்ளது. உயிரைக் காக்கும் செய்தி ஒருவருக்குத் தெரிந்த மொழியில் சென்று சேர்வது சலுகை அன்று.

இத்துறையில் ஆய்வு செய்வோர், குறிப்பாகக் கண்மருத்துவம், உளவியல், போக்குவரத்துப் பொறியியல் மாணவர்கள், இச்சாலையை ஒரு களமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என விரும்புகிறேன். மாற்றுக் கருத்துடையோரும் எழுதுக.