கடன் தீர்க்காத சொத்து

வறுமைக்கு வறியவனே காரணம் என்னும் கொள்கை, வறுமையை அறியாதோரிடையே என்றும் செல்வாக்குடன் திகழ்வது. அக்கொள்கை இன்று செழித்து வளரும் நிலம் அமெரிக்கா. அந்நாட்டுப் பெருநகரங்களில் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக வறுமையில் உழல்வதைச் சுட்டி, "அவர்களுக்கு உழைப்பில் நாட்டமில்லை, குடும்பத்தில் ஒழுங்கில்லை, கல்வியில் அக்கறையில்லை. அடிமை முறை ஒழிந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் முன்னேறாதவர்களுக்கு யார்தாம் என்ன செய்ய முடியும்?" என்று கேட்போர் அங்கே ஏராளம். அந்நாட்டார் சொல்வதில் வியப்பில்லை. ஆயின் நம் ஊர்களிலிருந்து படித்துச் சென்று, அங்கே வசதியான புறநகர்களில் குடியமர்ந்து, விடுமுறைக்கு வந்து போகும் நம்மவர் சிலரும் அதே பாடத்தை ஒப்பிக்கிறார்கள். மீலாது மேடையில் ஹஸ்ரத் பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றைக் கேட்டுக் கண் கலங்குகிறவர்கள், பிலாலின் நிறத்தாரைப் பற்றி விருந்து மேசையில் பேசும் பேச்சு இதுவாக இருக்கிறது. இதை மறுக்காமல் இருக்க நம்மால் முடியவில்லை.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க மத்திய வங்கி 2022ஆம் ஆண்டுக்கு எடுத்த கணிப்பின்படி, நடுத்தர நிலையிலுள்ள வெள்ளையர் குடும்பமொன்றின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். அதாவது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே ஆண்டில் வருமானத்தை ஒப்பிட்டால், கறுப்பினக் குடும்பம் வெள்ளையர் குடும்பத்தின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை ஈட்டுகிறது. இவ்விரு கணக்கையும் அருகருகே வைத்துச் சிந்திக்க வேண்டும். குறை சோம்பலில் இருக்குமாயின், வருமானத்திலன்றோ அது பெரிதாகத் தெரிய வேண்டும்? சொத்தில்தான் அது பன்மடங்காகப் பெருகி நிற்கிறது. வருமானம் ஒருவன் இன்று செய்யும் உழைப்பின் பயன். சொத்தோ அவன் பாட்டனிடமிருந்தும் வருவது. ஆகவே பேரனின் ஒழுக்கத்தை ஆராயுமுன், பாட்டனுக்கு நேர்ந்ததை ஆராய்வதே முறை.

பாட்டனுக்கும் முன்னே செல்வோம். 1862ஆம் ஆண்டு, தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறையை ஒழித்த சட்டம் இழப்பீடும் வழங்கியது. யாருக்கு? ஆண்டாண்டாகக் கூலியின்றி உழைத்த அடிமைக்கன்று. அவனைச் சொத்தாக வைத்திருந்த எசமானுக்கு! தலைக்கு 300 டாலர் வரை என்பது கணக்கு. 1865ஆம் ஆண்டு சனவரியில் தளபதி ஷெர்மன், தென்கரையோர நிலத்தில் விடுதலை பெற்ற குடும்பத்திற்கு 40 ஏக்கர் வரை ஒதுக்குமாறு ஆணையிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலங்களைப் பழைய உடைமையாளர்களுக்கே திருப்பிக் கொடுக்கச் செய்துவிட்டார். விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. வெறுங்கையுடன் விடுவிக்கப்பட்டவன் பழைய எசமானின் வயலுக்கே குத்தகைக்காரனாகத் திரும்பினான்.

அந்த வயல்களிலிருந்தும் வன்முறையிலிருந்தும் தப்பி, 1910க்கும் 1970க்கும் இடையில் ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பினத்தார் வடக்கிலும் மேற்கிலுமுள்ள நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் ஆலை வேலை கிடைத்தது. குடியிருக்கத்தான் இடம் கிடைக்கவில்லை. வெள்ளையர் தெருக்களின் கிரயப் பத்திரங்களில், "வெள்ளை இனத்தார் அல்லாதார் இங்கே குடியிருக்கலாகாது" என்னும் பொருள்பட ஒரு ஷரத்து எழுதப்பட்டிருந்தது.

இந்த ஷரத்தின் கொடுமையை உணர நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் பத்திரிகைகள் பலகால் போற்றி எழுதிய மால்கம் எக்ஸ் அவர்களின் வாழ்வே சான்று. 1964இல் அவர் செய்த ஹஜ்ஜை நம்மில் அறியாதார் இலர். 1929இல் அவர் குடும்பத்தின் வீட்டுக்கு நேர்ந்ததை அறிந்தாரோ மிகச் சிலர். மிச்சிகன் மாநிலம் லான்சிங் நகரில் அவருடைய தந்தையார் வாங்கிய வீட்டின் பத்திரத்தில் இதே ஷரத்து இருந்தது. அண்டையார் வழக்குத் தொடுத்தனர். தீர்ப்பு அவர்கள் பக்கமே ஆயிற்று. அவ்வாண்டு நவம்பரில் வீடு தீக்கிரையாயிற்று. மால்கமுக்கு அப்போது வயது நான்கு. 1931இல் தந்தை மாண்டார். 1939இல் தாயார் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். பிள்ளைகள் பலர் வீட்டில் சிதறினர். 'கறுப்பினத்தாரிடம் குடும்ப ஒழுங்கில்லை' என்போர், இக்குடும்பத்தைச் சிதைத்தவர் யார் என்பதற்கு முதலில் விடை கூறட்டும்.

தனியார் எழுதிய ஷரத்தை அரசாங்கம் தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டதுதான் இக்கதையின் நடுப்பகுதி. 1930களில் பொருளாதார வீழ்ச்சியிலிருந்து வீட்டுடைமையாளரைக் காப்பதற்கென அமைந்த மத்திய அரசு நிறுவனம், நகரங்களைப் பகுதி பகுதியாகத் தரம் பிரித்து வரைபடம் தீட்டியது. கடன் கொடுக்க ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு வண்ணம். கறுப்பினத்தார் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பாயின. 1934இல் தோன்றிய மத்திய வீட்டுவசதி நிர்வாகம், வீட்டுக் கடன்களுக்கு அரசே பொறுப்பேற்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. சிறிய முன்பணம், நெடுங்காலத் தவணை என்று எளிய மனிதனும் வீட்டுக்காரனாகும் வழி அதனால் திறந்தது. (அக்கடனிலுள்ள வட்டி பற்றிய மார்க்கத் தீர்ப்பு வேறு, அது இங்கே பேச்சன்று.) ஆயின் அந்நிர்வாகத்தின் கையேடே இன ஷரத்துகளைப் பரிந்துரைத்தது, இனங்கள் கலந்து வாழும் பகுதிக்குக் கடன் பொறுப்பேற்பதை விலக்கியது. 1941இல் டெட்ராய்ட்டில் கறுப்பினக் குடியிருப்பொன்றின் அருகே வெள்ளையருக்கு வீடு கட்ட முனைந்த ஒருவர், இடையில் ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பிய பிறகே அரசின் பொறுப்பேற்பைப் பெற முடிந்தது. அச்சுவர் இன்றும் நிற்கிறது.

உலகப் போரில் நாட்டுக்காகக் குருதி சிந்தியவருக்கேனும் நீதி கிடைத்ததா? போர்வீரர் மறுவாழ்வுக்கென 1944இல் சட்டம் வந்தது. 1947இல் மிசிசிப்பி மாநிலத்தில் அச்சட்டத்தின்கீழ் அரசு பொறுப்பேற்று வழங்கப்பட்ட 3,229 கடன்களுள் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு! அதே ஆண்டில் நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்னும் புறநகர் எழலாயிற்று. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். விலை எண்ணாயிரம் டாலர் அளவில். அங்கும் ஷரத்து இருந்தது. வீட்டு வேலைக்காரராக மட்டும் பிற இனத்தார் தங்கலாம் என்ற விலக்குடன். அன்று எண்ணாயிரத்துக்கு வாங்கிய வீடு இன்று பல இலட்சம் பெறும். அந்த ஏற்றத்தில் பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றனர், பேரர் தொழில் தொடங்கினர். இதற்குத்தான் 'உழைப்பால் வந்த உயர்வு' என்று பெயர்.

வங்கியில் இடமில்லாத கறுப்பினத்தார் என் செய்தனர்? சிகாகோவின் லான்டேல் பகுதியில் தரகர்கள், அச்சுறுத்தப்பட்ட வெள்ளையரிடம் மலிவாக வாங்கிய வீட்டைக் கறுப்பினத்தாருக்குப் பெரும் இலாபம் வைத்துத் தவணை ஒப்பந்தத்தில் விற்றனர். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவன் பெயரிலேயே இருக்கும். ஒரு தவணை தவறினாலும் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். வாங்கியவர் இரண்டு வேலை பார்த்தனர். வீட்டைப் பழுதுபார்க்கப் பணமின்றித் தவித்தனர். வாடகைக்கு ஆட்களைச் சேர்த்து நெருக்கினர். பின்னர் உலகம் வந்து பார்த்து, "இவர்கள் குடியேறினால் தெருவே பாழாகிறது" என்றது! 1966இல் டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் அதே லான்டேலில் குடியேறி வீட்டுரிமைக்காகப் போராடினார். வெள்ளையர் பகுதியில் நடத்திய ஊர்வலத்தில் அவர் தலையில் கல் விழுந்தது. 1968 ஏப்ரல் 4ஆம் நாள் அவர் சுடப்பட்டார். ஏழு நாள் கழித்து வீட்டுரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. சட்டம் வாயிலைத் திறந்தது. ஆனால் உள்ளே வீட்டின் விலை அதற்குள் எட்டா உயரத்துக்கு ஏறிவிட்டிருந்தது.

வீடு போனால் வீடு மட்டுமா போகிறது? அந்நாட்டில் பள்ளிக்கூடத்துக்கான பணத்தில் ஒரு பெரும் பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. மலிவான வீடுள்ள ஊரில் வறுமையான பள்ளி. இந்த ஏற்றத்தாழ்வு அரசியற் சட்டத்துக்கு முரணன்று என 1973இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே, டெட்ராய்ட் நகரப் பிள்ளைகளையும் புறநகர்ப் பிள்ளைகளையும் ஒரே திட்டத்தில் சேர்த்துப் படிக்கச் செய்யும் ஆணையையும் தள்ளிற்று. ஆலைகளும் நகரை விட்டுப் புறநகருக்கும் தெற்கிற்கும் அயல்நாட்டிற்கும் சென்றன. 1950இல் 18 இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த டெட்ராய்ட்டில் 2020இல் ஆறரை இலட்சத்துக்கும் குறைவு. ஆலை மூடியதே காரணம், இனம் அன்று என்று வாதிடும் அறிஞர் உளர். ஆலை மூடியது உண்மை. ஆயின் வேலையைத் தொடர்ந்து சென்று குடியேற வெள்ளைத் தொழிலாளிக்கு இருந்த உரிமை கறுப்புத் தொழிலாளிக்கு இருந்ததா என்பதே நம் வினா.

இனி மறுப்புரைகளுக்கு வருவோம். குடும்பச் சிதைவே வறுமையின் வேர் என 1965இல் மொய்னிஹன் அறிக்கை எழுதிற்று. கறுப்பினக் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று மணமாகாத தாய்க்குப் பிறப்பதே அன்று அபாய அறிகுறி. இன்று வெள்ளையரிடையே அவ்விகிதம் நான்கில் ஒன்றைக் கடந்துவிட்டது. அவர்களுடைய சொத்து கறுப்பினத்தாரின் அளவுக்குச் சரிந்துவிடவில்லை. குடும்பம் சிதைவதை நாம் சிறிதும் போற்றவில்லை. அது துன்பந்தான். ஆயின் ஒரே சிதைவு ஓரிடத்தில் வறுமையையும் மற்றோரிடத்தில் வேறொன்றையும் தருமாயின், வேர் வேறிடத்தில் உள்ளது.

குற்றமே காரணம் என்பார் வேறு சிலர். 2003இல் வெளியான மில்வாக்கி நகர ஆய்வைக் காண்க. டேவா பேஜர் என்னும் சமூகவியலார், ஒத்த தகுதியுடைய இளைஞர்களை வேலை தேடி அனுப்பினார். சிறை சென்றதாகக் கூறிய வெள்ளையருக்கு நூற்றுக்கு 17 இடங்களிலிருந்து அழைப்பு; எக்குற்றமும் இல்லாத கறுப்பினத்தாருக்கு 14. குற்றவாளியின் வெண்மை குற்றமற்றவனின் கருமையை வென்றது!

"இந்தியர் சென்று முன்னேறவில்லையா?" என்பது மூன்றாவது வாதம். 1923இல் இந்தியர் வெள்ளையர் அல்லர், குடியுரிமைக்குத் தகார் என அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை இவர்கள் அறியார் போலும். 1965இல் குடியேற்றச் சட்டம் மாறியபோதுதான் நமக்குக் கதவு திறந்தது. அக்கதவைத் தள்ளித் திறந்த கை, குடியுரிமைக்காகப் போராடிய கறுப்பினத்தாரின் கை. நுழைந்தவரோ, பெரும்பாலும் இங்கே மக்கள் வரிப்பணத்தில் மருத்துவமும் பொறியியலும் படித்தவர். பொறுக்கி எடுக்கப்பட்ட விதைநெல். விதைநெல்லைக் காட்டி, வெள்ளத்தில் மூழ்கிய வயலைப் பழிப்பது அறிவுடைமையா?

"எல்லாம் பழங்கதை" என்பதும் பொய். 2008இல் வெடித்த கடன் நெருக்கடிக்கு முந்திய ஆண்டுகளில், தகுதியிருந்தும் கறுப்பினத்தாருக்கும் ஹிஸ்பானியருக்கும் கூடுதல் விலையில் கடன் விற்றதாக எழுந்த வழக்கில், கண்ட்ரிவைடு நிறுவனம் 2011இல் 33½ கோடி டாலர் கொடுக்க இணங்கியது. முன்பு கடன் மறுக்கப்பட்ட தெருக்களில், பின்பு நஞ்சான கடன் விற்கப்பட்டது.

இந்த வழக்கை நம் மார்க்கச் சட்டத்தின்முன் வைத்தால் தீர்ப்பு யாதாகும்? ஒருவர் இறந்தால், அடக்கச் செலவு போக, முதலில் அவர் பட்ட கடனைத் தீர்க்க வேண்டும். பின்னரே மரண சாசனம். அதன் பின்னரே வாரிசுகளுக்குப் பங்கு. நம் ஊர் ஆலிம்சாவிடம் பாகப்பிரிவினைக்குப் போகிற எவரும் அறிந்த முறை இது. கடனைத் தீர்க்காது பங்கிட்ட சொத்தில் வாரிசு நிரபராதியாக இருக்கலாம், சொத்து நிரபராதியன்று. "நான் யாரையும் அடிமையாக வைத்திருக்கவில்லையே" என்னும் அமெரிக்கரின் வாதம் இங்கேதான் வீழ்கிறது. குற்றம் வாரிசாக வருவதில்லை, உண்மை. கடன் சொத்தோடு வருகிறது. போர்க்காலத்தில் முகாம்களில் அடைக்கப்பட்ட சப்பானிய அமெரிக்கருக்கு 1988இல் தலைக்கு 20,000 டாலர் அளித்த அதே அரசு, கறுப்பினத்தாருக்கான இழப்பீட்டை ஆராயக் குழு அமைப்பதற்கே 1989 முதல் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்ட மசோதாவைச் சட்டமாக்கவில்லை. சிகாகோவை அடுத்த எவன்ஸ்டன் என்னும் சிறுநகரம் 2021இல் வீட்டுக்கென 25,000 டாலர் வழங்கும் திட்டம் தொடங்கிற்று. வழி உண்டு என்பதற்கு அதுவே சான்று.

நம்மவருக்கு ஒரு சொல். 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதிகளைச் சில வங்கிகள் கடனுக்குத் தகாதவை என ஒதுக்கியிருப்பதைச் சுட்டியது. சிகாகோவின் சிவப்பு வண்ணம் நம் தெருக்களிலும் பூசப்பட்டிருக்கிறது. 'படிக்க மாட்டார்கள், முன்னேற மாட்டார்கள்' என்று நம்மைப் பற்றிச் சொல்லப்படும் அதே வாய்பாட்டை, மற்றோர் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது நாமே எறிவது எங்ஙனம் தகும்? அமெரிக்க முஸ்லிம்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் கறுப்பினத்தார். புறநகரில் குவிமாடம் எழுப்பும் நம்மவர், நகரின் நடுவே ஒழுகும் கூரையின்கீழ் தொழுவோரின் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுரிமைக்கும் துணை நிற்கட்டும். நிறத்தால் உயர்வில்லை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜில் அறிவித்ததை மேடையில் முழங்குவது எளிது. அதனைக் கணக்கேட்டிலும் பத்திரத்திலும் பள்ளியிலும் நிலைநாட்டுவதே பின்பற்றுவோரின் கடன். அதுவும் தீர்க்க வேண்டிய கடன்தான்.