ஒழுகும் இரும்புத் தொட்டியை எடைக்குப் போடும் முன்

சொட்டுநீர்ப் பாசனம் பரவியபோது, தகரங்களை போல்ட் போட்டு இணைத்து உள்ளே லைனர் விரிக்கும் வட்டத் தொட்டிகளும் வயலோரங்களுக்கு வந்து சேர்ந்தன. மும்முனை மின்சாரம் இருக்கும்போது போர்வெல் தண்ணீரை நிரப்பிவிட்டு, பிறகு நிதானமாகப் பாய்ச்சலாம். சிமெண்ட் தொட்டி போல நாள்கணக்கில் கட்ட வேண்டியதில்லை. அப்படி வைத்த தொட்டிகளில் பல இப்போது ஒழுகுகின்றன. "பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாமா?" என்று கேட்கிறீர்கள்.

அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் கெட்டது லைனர்தான், தொட்டி அல்ல. ஆனால் ஒழுகலை அப்படியே விட்டால் தொட்டியும் கெட்டுவிடும். கசிந்த தண்ணீர் லைனருக்கும் தகரத்துக்கும் நடுவில் தங்கி, துத்தநாகப் பூச்சை அரித்து, பிறகு இரும்பையே தின்னும். உவர் நீரோ உரம் கரைத்த நீரோ என்றால் இன்னும் வேகமாக. வெளியே பளபளப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், துரு உள்ளிருந்துதான் கிளம்பும்.

முதலில் ஒழுகலா, ஆவியா என்று பாருங்கள். ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றித் தொட்டிக்கு அருகில் வெயிலிலேயே வையுங்கள். இரண்டிலும் மட்டத்தைக் குறித்து, இரண்டு நாள் கழித்து அளந்து பாருங்கள். தொட்டியில் கூடுதலாகக் குறைந்திருந்தால் ஒழுகல் உண்டு. அப்படியே விட்டு வைத்தால், மட்டம் எந்த உயரத்தில் இறங்காமல் நிற்கிறதோ அந்த உயரத்தில்தான் ஓட்டை இருக்கும். பல இடங்களில் கோளாறு லைனரிலேயே இருக்காது. வெளிக்குழாய் இணைப்பில் உள்ள ரப்பர் வாஷர் காய்ந்திருக்கும். சில ரூபாயில் முடிகிற வேலை அது.

லைனரில்தான் ஓட்டை என்றால், ஒட்டுவதற்கு முன் அது என்ன பொருள் என்று தெரிய வேண்டும். ஓரத்தில் சிறு துண்டு வெட்டித் தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். மேலே வந்து மிதந்தால் பாலித்தீன் வகை. அதற்கு எந்தப் பசையும் நிலைக்காது, சூட்டுக் காற்றால் உருக்கித்தான் ஒட்ட வேண்டும். மூழ்கினால் பெரும்பாலும் பி.வி.சி., அதற்குரிய பசை பிடிக்கும். கடைக்காரர் தரும் பசையை இரண்டுக்கும் பூசிப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் பத்து சென்டிமீட்டராவது படியும்படி, மூலைகளை வட்டமாக வெட்டி, நன்கு துடைத்துக் காயவைத்த பிறகு ஒட்டுங்கள்.

லைனரை மடித்தால் வெடிக்கிறதா? ஒட்டுப் போட்டுப் பயனில்லை, முழுதும் மாற்றுங்கள். தண்ணீரின் எடையைத் தாங்குவது தகரமும் தரையும்தான். லைனர் தண்ணீரை நிறுத்தி வைப்பதோடு சரி. இழுத்துக் கட்டினால் சுவரும் தரையும் சேரும் மூலையில் கிழியும். ஆகவே சற்றுப் பெரிதாகவே வாங்கித் தளர்வாக விரியுங்கள். பழைய லைனரை வெட்டித் தரையில் மெத்தையாகப் போடலாம், வீணாக்க வேண்டாம்.

லைனர் இல்லாத அந்த ஒரு நாள்தான் போல்ட்டுகளைப் பார்க்க வாய்ப்பு. ஆறு மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் இரண்டு மீட்டர் நீர் நின்றால் சுமார் 56,000 லிட்டர். அடியிலுள்ள ஒரு மீட்டர் உயரத்தில் மட்டும் செங்குத்து இணைப்பு தாங்கும் இழுவை நாலரை டன்! அங்கே இரண்டு போல்ட் துருவேறி விட்டால் மற்றவை அந்தச் சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும். இணைப்பு பிளந்தால் அருகில் நிற்பவர் தப்புவது கடினம். எனவே தண்ணீர் இருக்கும்போது ஒரு நட்டைக்கூடக் கழற்றாதீர்கள். காலியாக்கி, ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுங்கள். பழைய போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் புதியதும் அதேதான், சூட்டுக் குளியலில் துத்தநாகம் பூசியதாக. உருண்டைத் தலை உள்ளே, நட் வெளியே. போல்ட் வரிசையின் மேல் தடித்த துணி விரித்த பிறகுதான் லைனர். போல்ட் துளையைச் சுற்றித் தகரம் பொத்தலாகும் அளவுக்கு அரித்திருந்தால் ஒட்டுப் போடாதீர்கள். அந்தத் தகரத்தை மாற்றுங்கள். அடி வரிசை முழுதும் அப்படி என்றால் மட்டும் எடைக்குப் போடலாம்.

உள்ளே ஒருவர் தனியாக இறங்கவே கூடாது. பசையின் ஆவி காற்றைவிடக் கனமானது, தொட்டிக்குள் அடியிலேயே தங்கும். விசிறி வைத்து, வெளியே ஒருவரை நிறுத்தி, வேலை செய்பவருக்கு இடையிடையே ஓய்வு கொடுங்கள். மூடியுள்ள தொட்டி என்றால் முதலில் மூடியை எடுத்துவிடுங்கள்.

சொட்டுநீர் மானியத்தோடு தரைநிலைத் தொட்டி கட்டவும் உதவி உண்டு. ஆனால் அது கட்டுவதற்குத்தான், பராமரிப்பு உங்கள் கைப்பணம். புதிதாக வாங்குபவர்கள் லைனர் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே கேளுங்கள், லைனர் எந்தப் பொருள், எத்தனை மைக்ரான் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

இந்த வேலையை ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டியைக் காலியாக விடாமல் மூன்றில் ஒரு பங்காவது நிரப்பி வையுங்கள். வெறும் தொட்டியைக் காற்று தூக்கிவிடும்.