தமிழை எழுத்தாக மதிக்காத குறுக்குவழி

ஜாவாஸ்கிரிப்ட் கற்கத் தொடங்கும் எவரும் விரைவிலேயே ஸ்பிளிட் என்ற கட்டளையைச் சந்திப்பார்கள். ஒரு ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துகளின் தொடரை, நாம் சொல்லும் இடங்களில் வெட்டித் துண்டுகளாகத் தரும் கட்டளை இது. எங்கே வெட்டுவது என்பதை ரெகுலர் எக்ஸ்பிரஷன் மூலம் சொல்லலாம். /[,;]/ என்று கொடுத்தால் "ராமு,சோமு;பாபு" என்பது மூன்று பெயர்களாகப் பிரிந்துவிடும்.

ஒரு பத்தியைச் சொற்களாகப் பிரிக்க ஆங்கிலப் புத்தகங்கள் ஒரு குறுக்குவழி சொல்கின்றன. \ குறியை அடுத்துப் பெரிய எழுத்து டபிள்யூ, அதன்பின் ஒரு + குறி. எழுத்து அல்லாதவை வரும் இடங்களில் வெட்டு என்று பொருளாம். நானும் நம்பி, என் தமிழ்க் கட்டுரையின் சொற்களை எண்ண இதைக் கொடுத்தேன். கட்டுரை முழுவதும் காணாமல் போனது! அதில் இருந்த 1967 என்ற ஆண்டு மட்டும் தப்பியது. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வெற்றுத் துண்டு.

ஜாவாஸ்கிரிப்டின் கணக்கில் இங்கே எழுத்து என்றால் ஆங்கில எழுத்துகள், 0 முதல் 9 வரை, அடிக்கோடு இவ்வளவுதான். தமிழ் 'அ'வும் காற்புள்ளியும் அதற்கு ஒன்றே.

பைத்தான் 3 வேறு விதம். 2008இல் வந்த இது 'ந', 'ன' போன்றவற்றை எழுத்தாக ஏற்கிறது. கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றை ஏற்பதில்லை. "நான்" என்பதை 'ந', 'ன', ஒரு வெற்றுத் துண்டு என மூன்றாக வெட்டுகிறது. இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். எல்லாமே மறைந்தால் தவறு உடனே தெரியும். எண்ணிக்கை மட்டும் தவறாக வந்தால் அப்படியே நம்பிவிடுவோம். பெர்லில், தமிழை யூனிகோடாகப் படிக்கச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஆங்கிலத்தில் பழகுங்கள், தமிழைப் பிறகு பார்க்கலாம் என்பார்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் நாம் அடிக்கும் கடிதமும் கல்யாணப் பட்டியலும் தமிழில்தானே இருக்கின்றன?

புதியவர்கள் அந்தக் குறுக்குவழியைத் தொடாமல், பிரிக்கும் குறிகளைத் தாங்களே எழுத வேண்டும் என்பது என் கருத்து. /[ ,;.!?]+/ என்பது இடைவெளியிலும் நிறுத்தக் குறிகளிலும் மட்டுமே வெட்டும். 2018இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் தர வரையறையில் எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்க வழி செய்திருக்கிறார்கள்; அதைப் பிறகு கற்கலாம்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பத்தி முற்றுப்புள்ளியில் முடிந்தால் கடைசியில் ஒரு வெற்றுத் துண்டு வரும். எண்ணிக்கையில் ஒன்றைக் கழியுங்கள். பெயருக்கு முன் வரும் இனிஷியலும் புள்ளியில் வெட்டுப்படும் என்பதால், பெயர்ப் பட்டியல் என்றால் அடைப்புக்குள் இருக்கும் புள்ளியையும் இடைவெளியையும் எடுத்துவிடுங்கள்.