குடுவையில் பிறந்த செம்பனை

இன்று அடுக்குமாடிகள் நிற்கும் பங்சார் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டம். நன்றாகப் பால் சுரக்கும் மரத்தின் மொட்டை வேறு கன்றில் ஒட்டுக்கட்டி, அதே குணமுள்ள மரங்களைப் பெருக்குவது இரப்பர்த் தோட்டங்களில் வழக்கம். செம்பனையில் இது நடவாது. அதற்குக் கிளை இல்லை. வாழையைப் போல் பக்கக்கன்றும் இல்லை. ஆகவே, 1970களில் ஆய்வாளர்கள் திசு வளர்ப்பை நாடினர். சிறந்த மரத்தின் சிறு திசுத் துண்டைக் கண்ணாடிக் குடுவையில் சத்துக்கூழிட்டு வளர்த்து, ஒரே மாதிரியான கன்றுகளை உருவாக்கினர்.

கன்றுகள் செழிப்பாகவே வளர்ந்தன. காய்க்கத் தொடங்கிய பிறகுதான் சில மரங்களில் பழங்கள் உருக்குலைந்திருப்பதும் எண்ணெய் குறைந்திருப்பதும் தெரிந்தன. காரணம் புலப்பட 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பாங்கியிலுள்ள மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் அதைக் கண்டறிந்தனர். ‘கர்மா’ எனும் மரபுக்கூறு ஒன்றை (பெயர் பொருத்தமானதே!) அடக்கி வைத்திருந்த வேதிக்குறி, திசு வளர்ப்பின்போது நீங்கியிருந்தது. இதனால், கன்று நிலையிலேயே இலையைச் சோதித்து இக்குறையை அறிய வழி பிறந்தது.

திசு வளர்ப்பில் அயல் மரபணு எதுவும் புகுத்தப்படுவதில்லை. மரபணு மாற்றுப் பயிரோடு அதைக் குழப்பி அஞ்சுவது தவறு. ஆனால், எதையும் புகுத்தாத கன்றின் குறையை அறியவே இத்தனை ஆண்டுகள் ஆயின. அப்படியிருக்க, மரபணு மாற்றுப் பயிர்களுக்கு 2007ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் கோரும் அனுமதியை வீண் தாமதம் என்பது பொருந்தாது. ஆய்வகத்தில் ஒரு குடுவை கெட்டால் மற்றொன்றில் தொடங்கலாம். சிறுதோட்டக்காரர் நடும் செம்பனையோ ஏறத்தாழ 25 ஆண்டுகள் அவர் நிலத்தில் நிற்கும்.