குற்றப்பதிவைக் கேள்வி கேட்கலாமா?

வேக வரம்பை மீறியதாகக் குற்றப்பதிவு வந்ததும் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். சிலர் கடிதத்தை மூலையில் போட்டுவிட்டு, அரசாங்கம் எப்போது தள்ளுபடி தரும் என்று காத்திருக்கின்றனர். வேறு சிலர், தொல்லை தீர்ந்தால் போதும் என்று உடனே பணத்தைக் கட்டிவிடுகின்றனர். அதில் எழுதியுள்ள விவரங்கள் சரியானவைதாமா என்று வரிவரியாகப் படித்துப் பார்ப்போர் குறைவு. குற்றப்பதிவைப் படித்துப் பார்ப்பதும், பிழை இருந்தால் சான்றுகளுடன் மறுப்பதும் சட்டத்தை எதிர்ப்பது ஆகாது. அவை சட்டத்தை மதிப்பவர் செய்ய வேண்டிய கடமைகளே.

தள்ளுபடிக்காகக் காத்திருக்கும் வழக்கத்திற்கு இப்போது இடமில்லை. 2026 ஜனவரி 1 முதல் மலேசியாவில் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்துள்ளது. முதல் 15 நாள்களுக்குள் அபராதம் செலுத்துவோருக்குப் பாதித் தொகை குறைக்கப்படுகிறது. 16ஆம் நாள் முதல் 30ஆம் நாள் வரை 33 விழுக்காடு குறைகிறது. அதன்பின் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். 60 நாள்கள் கடந்தும் கட்டாதவர் நீதிமன்றத்தை எதிர்கொள்ள நேரிடும். விரைந்து செலுத்துவோருக்கு இது நல்ல சலுகை. ஆயினும், குற்றமே செய்யாதவரையும் இச்சலுகை ‘பாதி விலையில் முடிந்துவிடும், கட்டிவிடலாம்’ என்று நினைக்கத் தூண்டுகிறது.

அவ்வாறு கட்டுவதில் என்ன இழப்பு? வேக மீறலுக்கான அபராதம் 300 ரிங்கிட் வரை உயரலாம். பாதியே ஆனாலும் 150 ரிங்கிட் என்பது நாட்கூலிக்கு லாரி ஓட்டுபவருக்கோ உணவு விநியோகம் செய்யும் இளைஞருக்கோ சிறிய தொகையன்று. பணத்தைவிடப் பெரிய இழப்பு வேறொன்று உண்டு. கெஜாரா முறையின்கீழ் சில குற்றங்களுக்குக் குற்றப்புள்ளிகள் சேர்கின்றன. புள்ளிகள் மிகுந்தால் ஓட்டுநர் உரிமம் இடைநிறுத்தப்படும். வாகனம் ஓட்டிப் பிழைப்பவருக்கு உரிமமே சோறு. செய்யாத குற்றத்திற்காக அவர் அதனை இழப்பது நியாயமாகாது.

கருவி தவறு செய்யுமா என்று சிலர் கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் நடந்ததே அதற்கு விடை. 2003ஆம் ஆண்டு அந்நகரின் மேற்கு வட்டச் சாலையில் இருந்த கேமரா ஒன்று, 1975ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சிறிய டாட்சன் கார் மணிக்கு 158 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதாகப் பதிவு செய்தது. அதன் உரிமையாளர் அதனை ஏற்கவில்லை. காரைச் சோதனை ஓட்டத்திற்கு உட்படுத்தியபோது அது 120 கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. அதன்பின் அச்சாலையின் கேமராக்கள் ஆராயப்பட்டன. 2004ஆம் ஆண்டு விக்டோரியா மாநில அரசு, ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வாகனமோட்டிகளின் அபராதங்களை இரத்துச் செய்து பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. ஒருவர் கேட்ட கேள்வி பல்லாயிரம் பேருக்கு நியாயம் பெற்றுத் தந்தது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலும் இத்தகைய பிழை வெளிச்சத்திற்கு வந்தது. 2012ஆம் ஆண்டு, மணிக்கு 38 மைல் வேகத்தில் சென்றதாக ஒரு காருக்குக் குற்றப்பதிவு அனுப்பப்பட்டது. ஆனால், சான்றாகப் பதிவான காணொளியில் அந்தக் கார் சிவப்பு விளக்கின்முன் அசையாமல் நின்றுகொண்டிருந்தது! படமும் காணொளியும் இருந்தும், கவனமாகப் பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. மறு ஆண்டே அந்நகரின் கேமரா முறை நிறுத்தப்பட்டது. கருவியின் பிழையை மனிதக் கண் திருத்தவில்லை என்றால், பிழை அப்படியே தண்டனையாகிவிடும்.

பிழைகள் பல வழிகளில் நேரலாம். ராடார் கருவி வானொலி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் அலையின் மாற்றத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடுகிறது. தொலைவு கூடக் கூட அதன் கற்றை விரிவதால், அருகருகே செல்லும் இரு வாகனங்களுள் எதன் வேகம் பதிவானது என்ற ஐயம் எழலாம். எண் பட்டையைப் படிக்கும்போது 3 என்பது 8 ஆகலாம். மலேசிய எண் பட்டைகளின் தொடக்க எழுத்துகளில் ‘ஐ’, ‘ஓ’ ஆகிய ஆங்கில எழுத்துகள் பயன்படுத்தப்படாமைக்குக் காரணம், அவற்றை 1, 0 என்று தவறாகப் படித்துவிடக் கூடாது என்பதே. இவை தவிர, ஒருவருடைய எண்ணைப் போலியாகப் பொருத்திக்கொண்டு ஓட்டும் குற்றவாளிகளும் உள்ளனர்.

ஆகவே, குற்றப்பதிவு கிடைத்ததும் முதலில் வாகன எண், நாள், நேரம், இடம், அவ்விடத்தின் வேக வரம்பு ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். பின்னர்ப் படத்தைப் பார்க்க வேண்டும். படத்தில் உள்ள வாகனத்தின் வகையும் நிறமும் தன்னுடையவைதாமா என்று ஒப்பிட வேண்டும். சுங்கச்சாவடிக் கட்டணப் பதிவு, வேலையிட வருகைப் பதிவு, காரில் பொருத்திய கேமராவின் காணொளி ஆகியவை நல்ல சான்றுகள். வேறொருவர் ஓட்டியிருந்தால் அவருடைய விவரங்களைத் தர வேண்டியது உரிமையாளரின் சட்டக் கடமை. எண் பட்டை போலி செய்யப்பட்டதாகத் தெரிந்தால் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். இச்சான்றுகளுடன் குற்றப்பதிவு அனுப்பிய தரப்பிடம் எழுத்து வழி முறையிடலாம். முறையீடு ஏற்கப்படாவிட்டால், அபராதத்தைக் கட்டாமல் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் குற்றத்தை மறுத்து வாதாடலாம். கருவி முறையாகச் சோதிக்கப்பட்டதா என்று அங்கே கேட்கவும் முடியும். ஆனால், குற்றம் நிரூபணமானால் நீதிமன்றம் கூடுதல் அபராதம் விதிக்கக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

அதே வேளையில், சாக்குகள் எல்லாம் சான்றுகள் ஆகிவிடா. ‘கேமரா சாய்வாக இருந்தது, அதனால் வேகம் கூடுதலாகக் காட்டியது’ என்று சிலர் வாதிடுவர். உண்மையில், சாலையோரத்தில் சாய்வாக நிற்கும் ராடார் வாகனத்தின் வேகத்தைக் குறைத்தே காட்டும். அது வாகனமோட்டிக்கே சாதகம். ‘சுங்கச்சாவடிகளுக்கு இடையே என் சராசரி வேகம் 100தான்’ என்பதும் போதாது. சராசரி 100 ஆக இருந்தாலும் ஓரிடத்தில் 140 கிலோமீட்டர் வேகத்தில் சென்றிருக்கலாம். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது அனைத்துலக வாகன விதி. எனினும், பெரிய சக்கரங்களைப் பொருத்தியவரின் வேகமானியை நம்ப முடியாது. கூட்டரசுச் சாலைகளில் 90 ஆக உள்ள வரம்பு பெருநாள் காலங்களில் 80 ஆகக் குறைக்கப்படுவதுண்டு. அதனை அறியாமல் ஓட்டியதும் மன்னிப்பிற்குரிய காரணமன்று. தவறு செய்தவர் அதனை ஏற்று அபராதத்தைக் கட்டுவதே நேர்மை.

‘ஆளாளுக்கு மறுக்கத் தொடங்கினால் சட்டத்தை எப்படி நடைமுறைப்படுத்துவது? சாலை விபத்துகளில் ஆண்டுதோறும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் இறக்கும் நாட்டில், வேகமாக ஓட்டுவோர் தப்பிக்க வழி காட்டலாமா?’ என்பது எதிர்த்தரப்பினரின் வாதம். இவ்வாதத்தில் நியாயமான அக்கறை உள்ளது. ஆனால், தவறான ஒருவருக்குக் குற்றப்பதிவு போகும்போது என்ன நடக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். குற்றமற்றவர் தண்டிக்கப்படுகிறார், உண்மையில் வேகமாக ஓட்டியவர் மறுநாளும் அதே வேகத்தில் செல்கிறார். குற்றமற்றவர் பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டால், காவல் துறையும் வழக்கு முடிந்ததாகவே கருதும். பிழையைச் சுட்டிக்காட்டுபவர் தம்மைக் காத்துக்கொள்வதோடு, உண்மைக் குற்றவாளியைத் தேடவும் வழி செய்கிறார்.

அதிகாரத் தரப்பிற்கும் இதில் பொறுப்பு உண்டு. ஒவ்வொரு குற்றப்பதிவுடனும் தெளிவான படத்தைப் பார்க்கும் வசதி இருக்க வேண்டும். முறையிடும் வழி எளிய மொழியில் விளக்கப்பட வேண்டும். குறிப்பாக, முறையீட்டிற்குப் பதில் வரும்வரை தள்ளுபடிக் காலம் நிறுத்தி வைக்கப்பட வேண்டும். கேள்வி கேட்டதற்காகவே ஒருவர் பாதிச் சலுகையை இழக்க நேர்ந்தால், எவரும் கேள்வி கேட்க முன்வர மாட்டார். மறுக்க அஞ்சும் மக்களிடம் வசூலாகும் பணம் சட்டத்தின் மீதுள்ள மதிப்பைக் கூட்டாது.

முறைப்படி மறுப்பதற்கும் குறுக்கு வழி தேடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இளையோர் நன்கு உணர வேண்டும். தெரிந்த அதிகாரியைப் பிடிப்பதும் காப்பிக் காசு நீட்டுவதும் குற்றத்தை மறைக்கும் செயல்கள். சான்றுகளுடன் நேராகச் சென்று, பணிவாகவும் உறுதியாகவும் விளக்கம் கேட்பதோ உண்மையை வெளிக்கொணரும் செயல். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். கேமராவின் கண்ணுக்கும் இது பொருந்தும். ஆகவே, வேக வரம்பை மதித்து ஓட்டுவோம். தவறு செய்திருந்தால் ஏற்போம். செய்யாத தவறு நம் பெயரில் எழுதப்பட்டிருந்தால், கால தாமதமின்றி அதனைத் திருத்தக் கோருவோம்.