பெயரில்லாத பட்டமும் நம் மாணாக்கரும்

மூளை எவ்வாறு நினைக்கிறது, எவ்வாறு நோவை உணர்கிறது என்பதைக் கற்க விரும்பும் மன்னார் மாணவி ஒருத்தி எங்கே செல்வது? உயர்தர வகுப்பு மாணாக்கர் சிலர் இவ்வினாவை என்னிடம் எழுப்பியதுண்டு. பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலைப் புரட்டினால் மருத்துவம் உண்டு, விவசாயம் உண்டு, உயிரியல் விஞ்ஞானமும் உண்டு. நரம்பியல் விஞ்ஞானம் என்ற பெயரிலே இளமாணிப் பட்டம் ஒன்றைக் காணோம்.

ஆகவே மருத்துவ பீடமே ஒரே வாயில் எனப் பெற்றோரும் ஆசிரியரும் முடிவுகட்டிவிடுகின்றனர். கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படும் 5 வீத இடங்களிலே மன்னாருக்கும் பங்குண்டு. எனினும் அவ்வாயிலிற் புகுவோர் சிலரே. ஏனையோர் ஆசையைக் கைவிட்டுக் கிடைத்ததை மனமின்றிக் கற்கின்றனர்.

இவ்வறிவின் வரலாறோ வேறு பாடம் புகட்டுகிறது. கணவாயின் உடலிலே ஒரு மில்லிமீற்றர் வரை தடித்த நரம்பிழை உண்டென 1936இல் எடுத்துக்காட்டிய யங், ஒரு விலங்கியலாளர். அவ்விழையைக் கொண்டே, நரம்பில் மின்துடிப்பு ஓடும் வகையை 1952இல் கணித முறையால் விளக்கினர் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். 1963இல் நோபல் பரிசு அவர்களை நாடி வந்தது. ஹக்ஸ்லி பௌதிகத்தை விரும்பிப் பல்கலைக்கழகம் புகுந்தவர். 2000ஆம் ஆண்டில் அப்பரிசைப் பகிர்ந்த எரிக் கண்டல் இளமாணி வகுப்பிலே கற்றவை வரலாறும் இலக்கியமும். பல துறைகளின் சங்கமத்திலேதான் இவ்வறிவு பிறந்தது.

நமக்கு இது வீண் ஆராய்ச்சியுமன்று. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கை இன்னும் இருப்பதுபோல் வருத்தும் நோவை, ஒரு கண்ணாடி பதித்த பெட்டியால் சிலருக்குத் தணித்துக் காட்டினார். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. கூரிய கேள்வியே வேண்டியிருந்தது. 2009 வரை நீடித்த போரிலே அவயவம் இழந்தோர் வாழும் வடபுலத்திற்கு இதன் அருமையை எடுத்துரைக்க வேண்டுமா?

ஆதலின், பட்டத்தின் பெயர் இல்லாமை பெருங்குறையன்று என்பேன். பீடங்களுக்கிடையே நிற்கும் வேலியே பெருங்குறை. பேராதனையிலே உளவியல் கலைப்பீடத்தைச் சேர்ந்தது. விலங்கியலும் இரசாயனவியலும் விஞ்ஞான பீடத்தைச் சேர்ந்தவை. விலங்கியல் கற்பவள் உளவியலையும் கணனியையும் தடையின்றிச் சேர்த்துக் கற்க அவ்வேலியிலே ஒரு கடப்புத் திறக்கட்டும். புதிய கட்டடமும் புதிய பீடமும் எழுப்புவதினும் இது எளிது. மாணாக்கரின் விடாமுயற்சியைப் புகழ்ந்துவிட்டுப் பல்கலைக்கழகங்கள் இக்கடமையினின்று நழுவலாகாது.

பாடசாலையும் காத்திருக்க வேண்டியதில்லை. பேசாலைக் கரையிலே வலையில் விழும் கணவாயை ஆய்வுகூட மேசையில் வைத்துப் பிளந்தால், அதன் மேலுறையின் உட்புறத்தே வெண்ணிற நரம்புகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். உலகம் நோபல் பரிசளித்துப் போற்றிய அறிவின் முதற்பாடம் நம் மீன் சந்தையிலே கிடைக்கிறது. ஆசிரியர்கள் அதனைக் காட்டட்டும். மாணவி தன் வழியைத் தானே தேடிக்கொள்வாள்.