இதய மருந்துகளின் பக்கவிளைவுகளும் திடீர் நிறுத்தமும்: சங்கத்தின் நிலைப்பாடு

இதய நோய்க்குத் தரப்படும் மாத்திரைகளை மருத்துவரிடம் சொல்லாமல் ஒரேயடியாக நிறுத்துவது, அவற்றின் பக்கவிளைவுகளைவிடப் பெரும்பாலும் ஆபத்தானது. அதே வேளையில் பக்கவிளைவுகள் கற்பனையல்ல. அவற்றை வாய்விட்டுச் சொல்லும் நோயாளியை அதட்டி அனுப்புவதுதான் பலரை யாரிடமும் சொல்லாமல் மருந்தை விடும் நிலைக்குத் தள்ளுகிறது. இவ்விரண்டையும் சேர்த்தே சங்கம் தன் நிலைப்பாடாக முன்வைக்கிறது. சங்க மண்டபத்தில் நடந்த விற்பனைக் கூட்டத்தில் இதய மாத்திரைகளை நிறுத்தச் சொன்னதும் அதைத் தொடர்ந்து பொதுக்கூட்டத்தில் எழுந்த பேச்சும் உறுப்பினர்கள் அறிந்தவையே. அவை இங்கே மீண்டும் எழுதப்படவில்லை.

மலாக்கா மாநிலத்தின் சுங்கை ரம்பாய், மெர்லிமாவ், ஜாசின் பக்கத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் இதய நோயாளிகளிடமிருந்து அதிகம் கேட்கும் முறையீடு இருமல். பெரிண்டோபிரில், எனாலபிரில் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சளியில்லாத வறட்டு இருமலைத் தரும். ஆசிய மக்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மருந்து தொடங்கிச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து வருவதால் மாத்திரைதான் காரணம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. இருமல் மருந்தாக வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பார்கள். இதற்குத் தீர்வு எளிது. மருத்துவர் லோசார்ட்டான் வகை மாத்திரைக்கு மாற்றினால் இருமல் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரங்களில் அடங்கிவிடும். உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. உடனே 999க்கு அழைக்க வேண்டும்.

அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கும். அளவைக் குறைத்தோ மாற்றியோ சரிசெய்யலாம். நீர் பிரியும் மாத்திரையைப் பேருந்தில் மலாக்கா நகருக்குப் போக வேண்டிய நாளில் பலர் விட்டுவிடுகிறார்கள். விடுவதற்குப் பதில் எந்த நேரத்துக்குத் தள்ளிப் போடலாம் என்று மருந்தகரிடம் கேட்கலாம்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளால் வரும் தசைவலி பற்றிச் செயற்குழுவில் கருத்து வேறுபாடு இருந்தது. பக்கவிளைவுக்காக ஸ்டாட்டினை நிறுத்தியவர்களை வைத்து பிரிட்டனில் நடந்த, 2020இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் சொன்ன தொல்லைகளில் சுமார் 90 விழுக்காடு மருந்தில்லாத போலி மாத்திரையிலும் இருந்தது. இதைச் சேர்த்தால் நோயாளியைப் பொய்யர் என்பதுபோல் ஆகும் என்று சிலர் கருதினர். வலி பொய் என்பது இதன் பொருளன்று. எல்லா வலிக்கும் மாத்திரையே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்ற அளவில் இது சேர்க்கப்படுகிறது. கடும் தசைவலியோடு சிறுநீர் கருத்துப் போனால் அது வேறு விஷயம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செயற்குழு ஒருமித்து நின்ற இடம் பீட்டா தடுப்பான்கள். பிசோபுரோலோல், மெட்டோபுரோலோல், அட்டெனோலோல், கார்வெடிலோல் ஆகியவை இந்த வகை. இதன் முன்னோடியான புரோப்ரனோலோலை 1960களில் உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். அட்ரினலின் இதயத்தைத் துரத்தாதபடி, அது வந்து ஒட்டும் ஏற்பிகளை இம்மருந்து மறித்துக்கொள்கிறது. துடிப்பு நிதானமாகிறது, இதயத்துக்கு வேலை குறைகிறது. இதன் விலையாகச் சிலருக்குச் சோர்வு, கைகால் சில்லிடுதல், படியேறினால் தளர்ச்சி, கெட்ட கனவு எல்லாம் வருகின்றன. பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் பழகிய உடம்புக்கு இந்தச் சோர்வு பெரிய அவமானமாகவே தெரிகிறது.

மாதக்கணக்கில் மறிக்கப்பட்ட இதயம், குறையை ஈடுகட்ட ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது. மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் மருந்து உடம்பை விட்டுப் போய்விடும். பெருகிய ஏற்பிகள் அப்படியே இருக்கும். வழக்கமான அட்ரினலினே அப்போது இதயத்துக்கு மிகையாகிவிடுகிறது. படபடப்பு, இரத்த அழுத்த ஏற்றம், நெஞ்சுவலி, ஏற்கெனவே இரத்தக் குழாய் அடைப்புள்ளவருக்கு மாரடைப்பு வரை போகலாம். 1970களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவான ஆபத்து இது. அதனால்தான் மருத்துவர்கள் இம்மருந்தை நிறுத்த வேண்டி வந்தால் பொதுவாக ஒன்று, இரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

இதில் மிகக் கொடிய பகுதி முதல் இரண்டு நாள்தான். மருந்தை விட்டவுடன் சோர்வு விலகும், கைகால் சூடாகும், உடம்பு லேசாகும். "பார்த்தீர்களா, மாத்திரைதான் உங்களைப் படுக்க வைத்தது" என்று சொன்ன விற்பனையாளரின் வாக்கு பலித்ததுபோல் இருக்கும். அந்த வாரக் கடைசியில் நோயாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும்போது அவர் பக்கத்தில் இருக்க மாட்டார். வேறு ஊரில் மேசை போட்டிருப்பார். அரசு கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் மருந்தைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டு, ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியின் சேமிப்பிலிருந்து நூற்றுக்கணக்கில் வாங்கிக்கொண்டு போவதை வியாபாரம் என்று சங்கம் ஏற்கவில்லை.

இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் இதே அளவு முக்கியம். விட்டால் உடம்பில் எந்த மாற்றமும் தெரியாது. ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து அடைத்த பிறகே தெரியும். பல் பிடுங்குவதற்காகக்கூடத் தாமாக நிறுத்தக் கூடாது.

"மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும்" என்ற பேச்சுக்குத் தெளிவான மறுப்பு தேவைப்படுகிறது. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூல காரணம் நீரிழிவு. பெரிண்டோபிரில், லோசார்ட்டான் வகைகள் நீரிழிவுள்ளவரின் சிறுநீரகத்தைக் காக்கவும் தரப்படுகின்றன. தொடக்கத்தில் இரத்தப் பரிசோதனை செய்வது அதைக் கண்காணிக்கத்தான். சிறுநீரகத்துக்குக் கேடு செய்பவை, கேட்காமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் மூட்டுவலி மாத்திரைகள். ஸ்டீராய்டு கலந்த போலி மூலிகைப் பொட்டலங்களும் உடம்புக்குக் கேடானவை. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த பொருள்களைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சித்த, ஆயுர்வேத மருத்துவம் குறித்துச் சங்கம் தீர்ப்பு எதுவும் கூறவில்லை. முறையாகப் பயின்ற வைத்தியர்களை இது குறிப்பதும் இல்லை. 'எம்.ஏ.எல்' எனத் தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இல்லாத எதையும் வாங்க வேண்டாம் என்ற அளவில் செயற்குழு உடன்பட்டது.

தைப்பூசத்துக்கும், சன்னாசிமலை மாசி மகத்துக்கும் விரதம் இருப்போர் மருந்தை நிறுத்துவது உண்டு. விரத முறை பற்றிப் பேசுவது சங்கத்தின் வேலையன்று. எனினும் விரதம் தொடங்குமுன் கிளினிக்கில் சொல்லி மருந்து நேரத்தை மாற்றிக்கொள்வது நல்லது. நீரிழிவு மாத்திரையோடு பீட்டா தடுப்பானும் எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். பெரும்பாலும் வியர்வையே அடையாளமாக நிற்கும்.

மருந்துப் பொட்டலத்தின் மேல் உள்ள குறிப்பு மலாயில் இருக்கிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை முடித்த மூத்தவர்கள் பலருக்கு அது எட்டுவதில்லை. எந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது என்ற ஒரே வரியாவது தமிழில் தரப்பட வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொள்கிறது. "கேட்டுக்கொள்கிறது" என்ற சொல் போதாது, "கோருகிறது" என்றே இருக்க வேண்டும் என்ற உறுப்பினர்களின் கருத்தும் பதிவாகிறது. பக்கவிளைவை நோயாளியே தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவுக்குத் தெரிவிக்கப் படிவம் உண்டு. அதை நிரப்பச் சங்கம் உதவும்.

ஏற்கெனவே மருந்தை நிறுத்திவிட்டவர்கள் பழைய அளவைத் தாமாக மீண்டும் தொடங்க வேண்டாம். விட்டுப்போனதற்கு ஈடாக இரட்டிப்பாக விழுங்கவும் வேண்டாம். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், மூலிகைப் பொடிகள் உட்பட, ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோய், எந்த நாளிலிருந்து விட்டோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி இருந்தால் கிளினிக் நேரம் பார்க்காமல் 999க்கு அழைக்க வேண்டும். தனியாகப் போகத் தயங்குவோருடன் செயற்குழு உறுப்பினர் ஒருவர் உடன் வருவார்.

மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்லும் எந்த விற்பனைக் கூட்டத்துக்கும் சங்க மண்டபம் இனி தரப்படாது. இம்முடிவு ஏற்கெனவே பதிவான நாள்களுக்கும் பொருந்தும். வாங்கிய முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்.